பரமபதம் முதல் பயணச் சீட்டு வரை

இருந்த இடத்திலேயே இருக்க மனித மனம் ஒப்புவதில்லை. காலால் நடந்து சேர முடியாத ஊர்களுக்குக் கட்டை உருட்டியேனும் போய்வர வேண்டும் என்னும் ஆசை எல்லா நாட்டாருக்கும் உண்டு. அவ்வாசையின் வரலாற்றை இச்சிறு கட்டுரையில் ஒருவாறு எடுத்துரைக்க முயல்கின்றோம். யாம் வரலாறு கற்றுத் துறைபோகிய புலவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ஜபல்பூர் நிலையத்துச் சீட்டுச் சன்னலின் பின்னால் இருபதாண்டுகளாக அமர்ந்திருக்கும் எழுத்தர். ஆயினும் பயணமும் சீட்டும் எமக்கு அயலானவை அல்ல ஆதலின், இப்பொருளில் எழுதத் துணிந்தோம். பிழை காணின் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை நம் குடியிருப்பில் மின்சாரம் நின்றுபோயிற்று. விசிறியும் தொலைக்காட்சியும் ஓய்ந்தன. வீட்டினுள் புழுக்கம் தாளாமல் நான்கு குடும்பத்தார் எம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தனர். அண்டை வீட்டு இளைஞர் பெங்களூரில் பணிபுரிபவர்; விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் ஒரு பெட்டியை எடுத்துவந்து விரித்தார். பெட்டியினுள் ஒரு நிலப்படம், வண்ணச் சீட்டுகள், விரல்நுனி அளவே உள்ள ரயில் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. “டிக்கெட் டு ரைடு” என்பது அவ்விளையாட்டின் பெயர். அகல்விளக்கு வெளிச்சத்தில் தொடங்கிய ஆட்டம், மின்சாரம் திரும்பி வந்த பின்னும் முடியவில்லை. ஒருவரும் உள்ளே எழுந்து போகவும் இல்லை. அன்றிரவு எம் மகள் கேட்ட ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாகும். அக்கேள்வியைப் பின்னர்க் கூறுவோம். முன்னதாக வரலாற்றைப் பார்ப்போம்.

கட்டையின் ஆட்சி

நம் பாட்டிமார் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடினர். ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் வீழ்வதும் ஆடுவோர் திறமையால் அல்ல. கட்டை காட்டிய எண்ணால். ஆட்டத்தின் கடைசிக் கட்டம் வைகுண்டம். உயிரின் பயணத்தையே ஒரு துணியில் எழுதிக் காட்டிய ஆட்டம் அது. வட இந்தியாவில் ஞான சௌபட் என வழங்கிய இவ்வகை ஆட்டமே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, சமயச் சாயல் குறைந்து, பாம்பும் ஏணியும் என்னும் சிறுவர் விளையாட்டாகியது.

ஐரோப்பாவில் இதற்கு நிகராக விளங்கியது வாத்து விளையாட்டு. இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டில் பரவிய இவ்வாட்டத்தின் பிரதி ஒன்றை, பிளாரன்சு நகரை ஆண்ட பிரான்செஸ்கோ மெதிச்சி ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்குப் பரிசாக அனுப்பினார் என்பர். நத்தை ஓடு போலச் சுருண்டு செல்லும் பாதையில் 63 கட்டங்கள். வழியில் பாலம், சத்திரம், கிணறு, சிறைச்சாலை என்பன உண்டு. 58-ஆம் கட்டத்தில் சாவு காத்திருக்கும். அதில் விழுந்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கரை தெரியும் தறுவாயில் படகு கவிழ்வது போன்றது இது.

ஜப்பானியர் இதனை மண்ணுக்கு இறக்கினர். எடோ என்று அக்காலத்தில் வழங்கிய டோக்கியோவிலிருந்து கியோத்தோ வரை செல்லும் டோக்காய்டோ நெடுஞ்சாலையில் 53 தங்கல் நிலையங்கள் இருந்தன. அந்நிலையங்களையே கட்டங்களாக வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு, ‘சுகோரொக்கு’ என்னும் பெயரால் புத்தாண்டு நாட்களில் குடும்பத்தோடு ஆடினர். சாலையில் கால் வைக்காத பெண்களும் குழந்தைகளும்கூட அந்நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்லக்கூடும் என்னும் நிலை இத்தகைய தாள்களால் உண்டாயிற்று.

இம்மூன்று ஆட்டங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. பாதை ஒன்றே, போகும் வேகத்தைக் கட்டை தீர்மானிக்கும், ஆடுபவர் விதியின் பின்னே நடந்து செல்லும் வழிப்போக்கர் மட்டுமே.

கடைசிக் கட்டம் யாருடைய ஊர்?

1645-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிலநூலார் பியேர் துய்வால் என்பவர் வாத்து விளையாட்டின் 63 கட்டங்களிலும் உலக நாடுகளை வரைந்து ‘உலக விளையாட்டு’ ஒன்றை வெளியிட்டார். உலகெலாம் சுற்றிவரும் அவ்வாட்டம் முடியுமிடம் பிரான்சு. 1759-ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் ஜெப்ரீஸ் என்னும் ஆசிரியர், ஐரோப்பாவின் நிலப்படத்தையே பலகையாக்கி 77 நிறுத்தங்கள் உடைய பயண ஆட்டம் ஒன்றை அமைத்தார். அதில் முதலில் இலண்டனை அடைபவரே வென்றவர். உரோமையில் தங்க நேர்ந்தவர், போப்பாண்டவரின் பாதத்தை முத்தமிட்ட குற்றத்துக்காகக் குளிர் மிக்க ஐஸ்லாந்துத் தீவுக்குத் துரத்தப்படுவார்! பிள்ளைகளுக்கு நிலநூல் கற்பிக்க வந்த பலகை, அந்நாட்டாரின் சமயப் பகையையும் உடன் கற்பித்தது. பகடை சூதாட்டத்தின் கறை படிந்தது என்று கருதிய பெற்றோர், அக்கால ஆட்டங்களில் எண் பொறித்த பக்கங்களையுடைய பம்பரத்தைச் சுழற்றச் செய்தனர். சூதைத் தவிர்க்கக் கற்பித்தவர்கள் பகைமையைத் தவிர்க்கக் கற்பிக்கவில்லை என்பதே எமக்கு வியப்பாக உள்ளது.

பின்னர் 1889-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், நெல்லி பிளை என்னும் அமெரிக்கப் பத்திரிகைப் பெண்மணி உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். ஜூல்ஸ் வெர்ன் என்னும் பிரெஞ்சுக் கதாசிரியர் எழுதிய ‘எண்பது நாளில் உலகம் சுற்றி’ என்னும் நாவலின் தலைவனை மெய்யாகவே வெல்வது அவர் நோக்கம். வழியில் கொழும்பிலும் தங்கிச் சென்ற அவர், 72 நாளில் பயணத்தை முடித்தார். உடனே 1890-ஆம் ஆண்டிலேயே அப்பயணம் ஒரு பலகை ஆட்டமாக வெளிவந்து அமெரிக்க இல்லங்களில் இடம்பெற்றது. அதில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம், முடியுமிடம் நியூயார்க்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. பலகையை வரைந்தவர் எவரோ, அவருடைய ஊரே கடைசிக் கட்டம். பிரெஞ்சுக்காரர் வரைந்தால் பிரான்சு. ஆங்கிலேயர் வரைந்தால் இலண்டன். பிறர் வரைந்த பலகையில் ஆடுபவர், தம்மை அறியாமலேயே பிறர் வீட்டு வாசலில் போய் நின்று, ‘வென்றேன்’ என்று மகிழ்கின்றார்.

பாதை அமைக்கும் ஆட்டம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறலாயிற்று. 1974-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டிரெஷாம் என்னும் ஆங்கிலேயர் ‘1829’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். ரயில் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி, இருப்புப்பாதை இட்டு, வண்டி ஓட்டி ஊதியம் ஈட்டுவது அதன் முறை. பிற்காலத்தில் நம் நாட்டு ரயில்பாதைகளைக் குறித்து ‘1853’ என்னும் ஆட்டத்தையும் அவரே இயற்றினார். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி ஓடிய ஆண்டே அப்பெயராயிற்று என்பதை ரயில்வே குடும்பத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அவை பல மணி நேரம் நீளும். கணக்கில் தேர்ந்தவர்க்கே சுவைப்பன. வீட்டில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஆடத்தக்கன அல்ல.

அக்குறையை நீக்கியது 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டிக்கெட் டு ரைடு’. இயற்றியவர் ஆலன் மூன் என்பவர். ஜெர்மனி நாட்டில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு அளிக்கப்பெறும் பரிசை அவ்வாண்டே இது பெற்றது. 1998-ஆம் ஆண்டிலேயே வேறொரு பயண ஆட்டத்துக்காக அப்பரிசைப் பெற்றவர் அவர்.

ஆடும் முறையைச் சுருங்கக் கூறுவோம். பலகையில் வட அமெரிக்க நகரங்களை இணைக்கும் கோடுகள் வண்ண வண்ணமாக வரையப்பட்டிருக்கும். ஒவ்வொருவரிடமும் 45 சிறு ரயில் பெட்டிகள். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று பயணச் சீட்டுகள் மறைவாகத் தரப்படும். அவற்றுள் இரண்டையேனும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சீட்டு ‘டென்வரிலிருந்து எல் பாசோ’ என்னும்; அதன் மதிப்பு 4. மற்றொன்று ‘சியாட்டிலிலிருந்து நியூயார்க்’ என்னும். அதன் மதிப்பு 22. தம் முறை வரும்போது ஒருவர் மூன்றில் ஒன்றையே செய்யலாம்: வண்ணச் சீட்டுகளை எடுக்கலாம், சேர்த்த வண்ணச் சீட்டுகளைக் கொடுத்து ஒரு பாதையில் தம் பெட்டிகளை வைக்கலாம், அல்லது மேலும் பயணச் சீட்டுகளை எடுக்கலாம். ஒரு பெட்டி நீளமுள்ள பாதைக்கு ஒரு மதிப்பெண். ஆறு பெட்டி நீளமுள்ளதற்குப் பதினைந்து. சிறுகச் சிறுகச் செல்வதா, காத்திருந்து நெடும்பாதை பிடிப்பதா என்பது அவரவர் மதி.

இவ்வாட்டத்தின் உயிர்நிலை இரண்டு விதிகளில் உள்ளது. ஒருவர் வைத்த பாதையில் மற்றவர் வைத்தல் இயலாது. ஆகவே காத்திருப்பவர் வழியை இழப்பார், அவசரப்படுபவர் தம் கருத்தைப் பிறர்க்குக் காட்டிக் கொடுப்பார். இரண்டாவதாக, கையில் வைத்துக்கொண்ட பயணச் சீட்டு நிறைவேறாவிடில் அதன் மதிப்பு முழுவதும் கழிக்கப்படும்.

பகடை இங்கே இல்லை. எந்தச் சீட்டு வரும் என்பது மட்டும் ஊழின் செயல். எவ்வழியே போவது என்பது ஆடுபவர் செயல். எல்லோர்க்கும் பொதுவான கடைசிக் கட்டமும் இல்லை. அவரவர் சேருமிடம் அவரவர் கையில் உள்ள சீட்டில் எழுதப்பட்டிருக்கின்றது. பல நூற்றாண்டுப் பலகைகளைப் பார்த்து வந்தவர்க்கு இது சிறிய மாற்றம் அன்று.

அன்றிரவு ஓய்வுபெற்ற கார்டு ஒருவரும் எம்மோடு ஆடினார். முப்பதாண்டு பச்சைக்கொடி காட்டியவர். மூன்று நெடுஞ்சீட்டுகளையும் விடாது வைத்துக்கொண்டு, நடுவழியில் மாட்டிக்கொண்டார். “தாத்தா, ஜங்ஷனை முதலில் பிடித்திருக்க வேண்டும்!” என்றாள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எம் மகள். “அம்மா, நான் வண்டி ஓடும் பாதையில் போனவன், பாதை போட்டவன் அல்லவே!” என்றார் பெரியவர். திண்ணை முழுவதும் சிரித்தது.

நம் ஜபல்பூரும் ஒரு கதையும்

இவ்விளையாட்டின் விதிநூல் ஒரு சிறு கதையோடு தொடங்குகின்றது. 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஐந்து நண்பர்கள் கூடி, ஏழு நாளில் யார் மிகுதியான நகரங்களுக்கு ரயிலில் செல்வது என்று பந்தயம் கட்டுகின்றனர். அந்நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வெர்னின் நாவல் தலைவன் பிலியஸ் பாக் புறப்பட்ட நாள் 1872-ஆம் ஆண்டு அக்டோபர் 2.

அந்த பாக் நம் ஊர் வழியாகவே போயிருக்க வேண்டியவர் என்பதை நம் குடியிருப்பில் பலர் அறியார். கதையில் அவர் பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலில் செல்கின்றார். நடுவழியில், அலகாபாத்துக்கு ஏறத்தாழ ஐம்பது மைல் இருக்கையில், பாதை முடியவில்லை என்று சொல்லி வண்டியை நிறுத்திவிடுகின்றனர். அவர் இரண்டாயிரம் பவுனுக்கு ஒரு யானையை விலைக்கு வாங்கிக் காட்டுவழியே செல்கின்றார். கதை சுவையானது, ஆனால் உண்மை வேறு. அலகாபாத்திலிருந்து ஜபல்பூர் வரை கிழக்கிந்திய ரயில்வே 1867-ஆம் ஆண்டிலேயே பாதை இட்டுவிட்டது. பம்பாய்ப் பக்கமிருந்து வந்த பாதை இட்டார்சி வழியாக நம் ஜபல்பூரில் அதனோடு இணைந்து, 1870-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வைசிராய் மேயோ பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. ஆகவே 1872-ஆம் ஆண்டில் பாக் யானை வாங்கியிருக்க வேண்டுவதில்லை. ஜபல்பூர் நிலையத்தைக் கடந்து வண்டியிலேயே போயிருக்கலாம். மறு ஆண்டான 1871-இல் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் இராய்ச்சூரில் இணைந்தன. பின்னாளில் நம் முன்னோர் வடக்கே வருவதற்கான வழி இவ்வாறே ஒவ்வோர் இணைப்பாக உருவாயிற்று.

மகளின் கேள்வி

2011-ஆம் ஆண்டில் இவ்வாட்டத்துக்கு இந்தியப் பலகை ஒன்றும் வெளிவந்தது. இயற்றியவர் இயன் வின்சென்ட் என்பவர். 1911-ஆம் ஆண்டு இந்தியா அதில் வரையப்பட்டுள்ளது. தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாகத் தில்லி தர்பாரில் அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. கராச்சியும் லாகூரும் அப்பலகையில் நம் நகரங்களோடு ஒரே வலையில் உள்ளன. இன்று எல்லைக்கோடு குறுக்கிடும் இடத்தில் பிள்ளைகள் தடையின்றி ரயில் பெட்டி அடுக்கிச் செல்வதைப் பார்த்தபோது, பஞ்சாபிலிருந்து 1947-இல் வந்து குடியேறிய குடும்பத்தார் நம் தெருவிலேயே இருக்கின்றனரே என்று எண்ணிப் பார்த்தோம்.

இந்தியப் பலகைக்கென்று தனி விதி ஒன்று உண்டு. பயணச் சீட்டில் உள்ள இரண்டு நகரங்களை இருவேறு வழிகளால் இணைத்தவர்க்குக் கூடுதல் மதிப்பெண். போன வழியே திரும்பாமல் வேறு வழியே திரும்பி வட்டமாக்குவதை ‘மண்டலம்’ என்று குறிக்கின்றனர்.

இளைஞர் அப்பலகையையும் விரித்துவைத்தார். அப்போதுதான் எம் மகள் கேட்டாள்: “அப்பா, இதில் நம் ஊர் எங்கே?”

விடை சொல்ல வாய் திறந்த எமக்குச் சொல் எழவில்லை. எந்த ஊர்? அவள் பிறந்து, இந்தி பேசி, நருமதையில் நீராடி வளரும் இந்த ஜபல்பூரா? எம் தந்தையார் பிறந்த இலால்குடியா? அவள் எதனைக் கேட்டாள் என்பதை யாம் கேட்கவும் துணியவில்லை. மெட்ராஸ் என்று எழுதியிருந்த புள்ளியைக் காட்டி, “இதற்குக் கீழே” என்று மட்டும் சொன்னோம். அவளும் தலையசைத்துவிட்டு ஆட்டத்தில் ஈடுபட்டாள்.

நிறைவேறாத சீட்டு

எம் தந்தையார் இளமையில் கலாசியாக வேலை பெற்று இங்கு வந்தவர். “பணி ஓய்வு பெற்றதும் இலால்குடிக்குப் போய்விடுவேன்” என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன சொல். அங்கே சிறு மனை ஒன்றும் வாங்கிப் போட்டார். ஆண்டுக்கு ஒருமுறை ரயில்வே பாஸ் எடுத்து எங்களை அழைத்துச் செல்வார். அரியலூர் கழிந்ததும் சன்னலோரம் போய் அமர்ந்துகொள்வார். அதன்பின் அவரோடு யாரும் பேசலாகாது. ஓய்வு பெற்றார். தங்கையின் திருமணம் வந்தது, எமக்கு இங்கேயே வேலை கிடைத்தது, பேத்தி பிறந்தாள். “அடுத்த ஆண்டு” என்றார். அதற்கும் அடுத்த ஆண்டு என்றார். அவர் சாம்பலை நருமதையில், கௌரி காட்டில் கரைத்தோம். மனை இன்றும் முள் மண்டிக் கிடக்கின்றது.

ஆட்டத்தின் விதிப்படி இது நிறைவேறாத சீட்டு. மதிப்பைக் கழித்துவிட வேண்டும். எம்முடைய குடியிருப்பில் இத்தகைய சீட்டைக் கையில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரா இருவரா! ஆயினும் அவ்விதிநூலில் இன்னொரு விதியும் உண்டு. ஆட்டம் முடிந்தபின், அறுபடாத மிக நீண்ட பாதையை இட்டவர் எவர் என்று அளந்து பார்த்து அவருக்குப் பத்து மதிப்பெண் கொடுப்பர். அவர் தம் சீட்டை நிறைவேற்றினாரா இல்லையா என்று அப்போது யாரும் கேட்பதில்லை. இலால்குடிக்கும் ஜபல்பூருக்கும் நடுவே அறுபடாத பாதை ஒன்றை இட்டவர் எம் தந்தையார். அதன்மேல் இன்று நாங்கள் போய்வருகின்றோம். இக்கணக்கை மகளுக்குச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாதிருந்து, “அப்படியானால் தாத்தா தோற்கவில்லை” என்றாள்.

நம் பலகை

மறுநாள் காலையில் குடியிருப்புப் பிள்ளைகள் கூடி, துணிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, தாமே ஒரு பலகை வரையத் தொடங்கினர். ஓய்வுபெற்ற கார்டுப் பெரியவரே தலைமைப் பொறியாளர். ஜபல்பூரிலிருந்து இட்டார்சி, நாகபுரி வழியாக ஒரு பாதை. பழைய சிறுபாதை அகலப்பாதையான பின் நைன்பூர், கோந்தியா வழியாக வந்துள்ள மற்றொரு பாதை. இரண்டும் பல்லார்ஷாவில் கூடி, விஜயவாடா வழியாகக் கூடூர் சேரும். அங்கிருந்து சென்னைக்கு ஒன்று. ரேணிகுண்டா, காட்பாடி வழியாகச் சேலத்துக்கு ஒன்று. விழுப்புரத்திலிருந்து தஞ்சை வழியாக மெயின் லைன். அரியலூர் வழியாகக் கார்டு லைன். தீக்குச்சிகளுக்கு வண்ணம் தீட்டி ரயில் பெட்டிகளாக்கினர். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பயணச் சீட்டுகளைத் தமிழில் எழுதினர்.

சீட்டில் எந்த ஊர்களை எழுதுவது என்பதற்காகப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று, “உங்கள் ஊர் எது?” என்று கேட்டனர். அரக்கோணம், கும்பகோணம், அம்பாசமுத்திரம், ஆத்தூர் என்று பெயர்கள் வந்தன. பேரப்பிள்ளைகள் இதுவரை கேளாத ஊர்களைச் சில பாட்டிமார் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவ்வூரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு சிறுவன், “என் ஊர் ஜபல்பூர்தான்; அதையே எழுதுவேன்” என்று பிடிவாதம் செய்தான். அவன் விருப்பப்படியே இங்கு வந்து சேரும் சீட்டு ஒன்றும் எழுதப்பட்டது. அதுவும் முறையே. நம் பலகைக்குக் கடைசிக் கட்டம் என்று ஒன்று இல்லை.

அன்பர்களே! பிறர் வரைந்த பலகையில் ஆடுவது குற்றமன்று. அதனால் அறிவும் மகிழ்ச்சியும் பெற்றோம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு நம் வழியை நாமே வரைந்து காட்டாவிடில், ‘நம் ஊர் எங்கே’ என்னும் கேள்விகூட ஒரு நாள் கேட்கப்படாமல் போய்விடும். வாரத்தில் ஒரு மாலை, மின்சாரம் நிற்கும்வரை காத்திராமல், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, குடும்பத்தார் ஒரு பலகையைச் சுற்றி அமர வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

நம் பிள்ளைகள் வரைந்த பலகை இவ்வாண்டு விழா மண்டபத்தின் வாயிலருகே ஒரு மேசைமேல் வைக்கப்பட்டிருக்கும். எழுதப்படாத சீட்டுகளும் எழுதுகோலும் அருகிலேயே இருக்கும். தங்கள் ஊர் அதில் இல்லையேல் அன்புகூர்ந்து எழுதிச் செல்லுங்கள். இலால்குடிச் சீட்டை மட்டும் எம் மகள் எழுதி வைத்துவிட்டாள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!